சிறுமுதலில் வரைகலை அட்டை தெரிதல்

மலர்க் குழுவினர் எம்மை அணுகி ஒரு கட்டுரை தருமாறு வேண்டியபொழுது, அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் சான்றோரைப் பற்றியோ, நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ ஒன்றாகவே இருந்திருத்தல் வேண்டும். யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் அவருள் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். தமிழாசிரியனுக்கும் கணினி விளையாட்டுக்கும் யாது தொடர்பு என்பது அச்சிரிப்பின் பொருள். தொடர்பு உண்டு. கடந்த சில ஆண்டுகளாக இடைவேளையில் எம்மைத் தேடிவரும் மாணவர் கேட்கும் ஐயங்களுள், புணர்ச்சி விதி பற்றியன குறைந்து, வரைகலை அட்டை பற்றியன மிகுந்து வருகின்றன. இத்துறையில் எமக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஒருமுறை பணத்தைக் கொடுத்துத் தவறான பொருளை வாங்கினோம், அதன்பின்னர் கற்றோம். அவ்வளவே எமது தகுதி.

நிகழ்ந்ததை முதலிற் கூறிவிடுகின்றோம். எம் மகன் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எய்தினால், அவனுடைய கணினிக்கு ஒரு வரைகலை அட்டை வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தோம். 2023 ஆம் ஆண்டின் இறுதியிற் பெறுபேறு வெளியாயிற்று; அவன் சொன்ன சொல்லைக் காத்தான். யாமும் காக்கவேண்டியதாயிற்று. சீட்டுக் காசு கைக்கு வந்த கிழமையில், அவன் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்த 'ஜி.ரி. 1030' என்னும் பெயரோடு கடைக்குச் சென்றோம். அங்கே அப்பெயர் பொறித்த பெட்டிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் என்விடியா என்னும் ஒரே கம்பனியின் பெயர், ஒரே எண், இரண்டு ஜிகாபைற்று நினைவகம் என்ற ஒரே குறிப்பு. விலையில் மட்டும் வேறுபாடு. விலை குறைந்ததைப் பெற்றுக்கொண்டு, சிக்கனமாக வாங்கினோம் என்ற பெருமிதத்துடன் வீடு திரும்பினோம்.

ஐந்து திங்கள் கழிந்தபின்னர், மகனுடன் பயிலும் மாணவன் ஒருவன் வேறேதோ பேசவந்த இடத்தில், "சேர், அது டி.டி.ஆர். 4 காட். அவன் உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவன்" என்றான். அன்றிரவு மகனை அழைத்துக் கேட்டோம். ஜி.ரி.ஏ. 5 என்னும் விளையாட்டு செக்கனுக்கு 25 படத்தைத் தாண்டி ஓடவில்லை என்பதையும், வாங்கித் தந்த தந்தையின் மனம் நோகும் என்று அஞ்சி மறைத்ததையும் அவன் தலைகுனிந்தபடி கூறினான். எமக்கு அன்று உணவு செல்லவில்லை. பணம் போனதைப் பற்றியன்று. ஐந்து திங்களாக அவன் எம்முன்னே மகிழ்ந்தவன்போல நடித்திருக்கின்றான் என்பதே எம்மை வருத்தியது.

நிற்க. இவ்வட்டை செய்யும் தொழில் யாது என்பதை அறிந்தாலன்றி நல்லது தீயது பகுத்தல் இயலாது. திரையிற் காணும் உருவம் சிறுசிறு புள்ளிகளாலாயது. நம்மவர் இல்லங்களிற் பெரும்பாலும் உள்ள மொனிற்றர் குறுக்கே 1920 புள்ளியும் நெடுக்கே 1080 புள்ளியும் உடையது. பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். விளையாட்டு தடுமாற்றமின்றி ஓடுவதற்குச் செக்கனுக்கு 60 படம் வேண்டும் என்பர். அங்ஙனமாயின் ஒரு செக்கனில் நிறந்தீட்டவேண்டிய புள்ளிகள் பன்னிரண்டு கோடியே நாற்பத்து நான்கு இலட்சத்துக்கு மேலாகும். கணினியின் புரொசெசர் நான்கு அல்லது ஆறு பண்டிதர்களைப் போன்றது. எவ்வகைச் சிக்கலையும் அவிழ்க்கும், ஆனால் ஆள் தொகை சிறிது. வரைகலை அட்டையிலுள்ள சிப்போ, ஒரு பெரிய பாடசாலை மாணவர் அனைவரையும் மைதானத்தில் இருத்தி, ஆளுக்கொரு சிறு கணக்கைக் கொடுத்து, எல்லாரையும் ஒருங்கே செய்விப்பதை ஒத்தது. 2016 இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. என்னும் அட்டையில் 768 கணக்கர் உளர். 2024 இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050 என்பதன் ஆறு ஜிகாபைற்று வகையில் 2304 கணக்கர் உளர். தலைமுறை வேறாயின் கணக்கரின் திறனும் வேறுபடுமாதலின், இத்தொகையை ஒரே குடும்பத்து அட்டைகளுக்கிடையே மாத்திரம் ஒப்பிடுதல் முறை.

கணக்கர் எத்துணை விரைவினராயினும், அவர்க்கு வேண்டிய தாளும் மையும் உரிய நேரத்தில் வந்து சேர்தல் வேண்டும். அவற்றைக் கொண்டுவருவது அட்டையின் நினைவகம். எமது பிழை நேர்ந்தது இவ்விடத்திலேதான். 2017 இல் வந்த ஜி.ரி. 1030 இல் ஜி.டி.டி.ஆர். 5 வகை நினைவகம் இருந்தது. அது செக்கனுக்கு 48 ஜிகாபைற்றுத் தரவைக் கொண்டுவரும். 2018 இல் அதே பெயரில் வேறோர் அட்டையை விற்பனைக்கு விட்டனர். அதில் உள்ளது சாதாரண டி.டி.ஆர். 4 வகை, அது கொண்டுவருவது 16.8 ஜிகாபைற்று மாத்திரமே. கணக்கர் தொகை இரண்டிலும் 384. மைதானத்தில் மாணவர் நிறைந்திருக்கின்றனர். தாள் கொண்டுவரும் வண்டியோ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் வருகின்றது. பெரும்பாலார் கைகட்டியிருக்க நேரும். எம் மகனின் கணினியில் நடந்தது அது.

இலக்கணம் கற்பிப்பவர்க்குப் பலபொருள் ஒருசொல் என்பது புதிதன்று. 'மா' என்றால் மாமரமும் ஆம், விலங்கும் ஆம், மற்றும் பலவும் ஆம். இடம் நோக்கிப் பொருள் கொள்கின்றோம். அட்டை விற்போர் இவ்வணியிற் கைதேர்ந்தவர். 2016 இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1060 என்பதில் ஆறு ஜிகாபைற்று வகைக்கு 1280 கணக்கர். மூன்று ஜிகாபைற்று வகைக்கு நினைவகம் மட்டும் பாதி என்று நினைப்போம், ஆனால் கணக்கரும் 1152 ஆகக் குறைக்கப்பட்டுள்ளனர். ஆர்.ரி.எக்ஸ். 3050 இன் எட்டு ஜிகாபைற்று வகை 2022 இல் வந்தது. 2560 கணக்கரும் 128 பிற்று அகலமான நினைவகப் பாதையும் கொண்டது. மேலே குறித்த ஆறு ஜிகாபைற்று வகையில் பாதை அகலம் 96 பிற்று. பெயர் இரண்டுக்கும் ஒன்றே. இனி, ஒருபொருட் பன்மொழியும் உண்டு: ஏ.எம்.டி. கம்பனியார் 2016 இல் விற்ற ஆர்.எக்ஸ். 480 என்பதன் சிப்பையே சிறிது வேகங்கூட்டி மறுஆண்டில் ஆர்.எக்ஸ். 580 என்று விற்றனர். பின்னர் அந்த 580 என்னும் பெயரிலும் '2048 எஸ்.பி.' என்றோர் ஒட்டோடு கணக்கர் குறைந்த வகை ஒன்று சந்தைக்கு வந்தது; உண்மை 580 இல் உள்ளோர் 2304. ஆதலின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லற்க. பெயர், நினைவகத்தின் வகை, அதன் அளவு, பாதையின் அகலம் ஆகிய நான்கையும் எழுதிச் செல்க. துண்டுத் தாள் சற்றுப் பெரிதாக வேண்டும், அவ்வளவே.

எண்களைப் படிக்கும் முறையும் ஒன்றுண்டு. என்விடியாவின் பெயர்களில் இறுதி ஈரெண் வரிசையையும், முன்னுள்ளவை தலைமுறையையும் குறிக்கும். 1650 என்பது 16 ஆம் வரிசையில் 50 ஆம் படியினது. பின்வந்தது எல்லாம் முன்வந்ததை வெல்லும் என்பது இல்லை. 2016 இல் வந்த 1060 இன் ஆறு ஜிகாபைற்று வகை, 2019 இல் வந்த 1650 ஐ விளையாட்டு வேகத்தில் விஞ்சும். மூத்தவன் தாழ்ந்தவன் என்று கொள்ளவும் ஆகாது, இளையவன் உயர்ந்தவன் என்று கொள்ளவும் ஆகாது.

நினைவகத்தின் அளவைப் பெரிதாக அச்சிட்டு, சிப்பின் நலிவை மறைப்பதும் வழக்கம். 2014 இல் தோன்றிய ஜி.ரி. 730 என்னும் அட்டையை நான்கு ஜிகாபைற்று நினைவகத்துடன் இன்றும் சிலர் விற்க முயல்வர். பெரிய பானையைச் சிறிய அடுப்பில் ஏற்றுவது போன்றது அது. மறுதலையாக, நல்ல சிப்புக்கு நினைவகம் போதாவிடினும் இடர்தான். பழைய விளையாட்டுக்கும், வலரன்ட் போன்ற இலேசான விளையாட்டுக்கும் நான்கு ஜிகாபைற்று போதும். அண்மைக் காலத்துப் பெரிய விளையாட்டுகளுக்கு ஆறு குறைந்தது. எட்டு இருப்பின் நன்று.

இனி, அட்டை வாங்குமுன் ஆராயவேண்டிய ஒன்றைப் பெரும்பாலார் ஆராய்வதில்லை. தாமதத்துக்குக் காரணம் அட்டைதானா? இதனை அறிவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, திரைப் புள்ளிகளை 1280 க்கு 720 ஆகக் குறைத்து ஓட்டிப் பார்க்க. செக்கனுக்குரிய படங்களின் தொகை நன்கு உயருமாயின், குற்றம் அட்டையினது. சிறிதும் உயராவிடின், பண்டிதர்களே களைத்துப்போயினர். அட்டையை மாற்றிப் பயனில்லை. வேகமான போட்டி விளையாட்டுகளில் இந்நிலை அடிக்கடி காணப்படும். கணினியில் தனி அட்டையே இல்லாமல் புரொசெசரோடு இணைந்த வரைகலைச் சிப்பை நம்பியிருப்போர், முதலில் தம் றம் ஒன்றா இரண்டா என்று நோக்குக. ஒற்றை றம் துண்டோடு ஓடும் கணினிக்கு அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்தால், இணைந்த சிப்புக்குத் தரவு வரும் பாதை இரட்டிக்கும். செலவு சிறிது, பயன் பெரிது. எம்மிடம் வந்த மாணவர் இருவர் அட்டை வாங்காமலே இவ்வழியால் நிறைவெய்தினர்.

இன்னொரு காரணமும் உண்டு, கூற நாணுகின்றோம். புதிய அட்டையைப் பொருத்தியபின், மொனிற்றர் வயரைப் பழைய இடத்திலேயே, அதாவது தாய்ப்பலகையின் துவாரத்திலேயே செருகி வைத்து, அட்டை வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் வருந்தினவர் உளர். அவர் பெயர் இக்கட்டுரையின் அடியில் உள்ளது.

இவ்வட்டையை வைக்கும் வீடு எத்தகையது என்பது அடுத்த வினா. நம் மாணவர் பலர் பயன்படுத்துவன அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு இறக்குமதியான கணினிகள். அவை நல்லுழைப்பாளிகள். ஆயினும் அலுவலக வேலைக்கென்றே அமைந்தமையின் அவற்றின் மின்வழங்கி 240, 275 உவாற்று அளவினதாக இருக்கும். தனி அட்டைக்கு மின் கொடுக்கும் வயரும் பெரும்பாலும் இராது. தாய்ப்பலகையின் துவாரம் தானாக 75 உவாற்று வரையே கொடுக்கும். அதனின் மிகுந்து உண்ணும் அட்டைக்கு ஆறு ஊசி வயர் இன்னொரு 75 உவாற்றையும், எட்டு ஊசி வயர் 150 உவாற்றையும் தரும். இல்லாத வயருக்குப் பதிலாக, வன்தட்டுக்குச் செல்லும் சாட்டா வயரிலிருந்து மாற்றி ஒன்றைப் பொருத்தி மின் எடுப்பதைச் சிலர் கற்பிக்கின்றனர். கேளற்க. சாட்டா முனை 12 உவோற்றில் நாலரை அம்பியர், அதாவது 54 உவாற்றுக்கே அமைந்தது. அதன்மேற் சுமத்தினால் முனை உருகும், தீயும் பற்றும். பிள்ளைகள் உறங்கும் அறையில் இருக்கும் பொருள் இது.

மின்வழங்கியைப் புதிதாக வாங்குவோர் அதன் மேற்புறத்தில் பெரிய எழுத்தில் உள்ள 500, 600 என்னும் எண்ணை நம்பாது, பக்கத்தில் ஒட்டிய சீட்டில் 12 உவோற்றுக்கு எதிரே எத்தனை அம்பியர் என்று உள்ளதைப் பார்க்க. 18 அம்பியர் என்றிருப்பின் 12 ஐ 18 ஆற் பெருக்க, 216 உவாற்றே கிடைக்கும். வரைகலை அட்டையும் புரொசெசரும் உண்பது இதிலிருந்துதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, பல ஆயிரம் ரூபாவைக் காப்பாற்றும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், தம் மருமகனுக்கென ஆர்.எக்ஸ். 580 அட்டை ஒன்றைப் பயணப்பெட்டியில் உடைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தார். நல்ல அட்டை, அன்பும் பெரிது. 185 உவாற்று உண்பது, எட்டு ஊசி வயர் கேட்பது. பெடியனின் கணினியோ 240 உவாற்று மின்வழங்கியோடு கூடிய மெல்லிய அலுவலகப் பெட்டி. அட்டையின் உயரம் உள்ளே நுழையவும் இல்லை. மாமனார் திரும்பிச் செல்லும் நாள் வரை அட்டை மேசைமீது காட்சிப் பொருளாயிருந்தது. பின்னர் அதனை வேறொருவர்க்கு விற்று, அக்காசோடு இன்னுஞ் சிறிது சேர்த்து, அரை உயர அட்டை ஒன்று வாங்கினர். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்க்கு எமது பணிவான வேண்டுகோள் யாதெனின், உறவினர்க்கு அட்டை கொண்டுவருமுன், கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எடுத்த ஒரு படத்தையும், மின்வழங்கிச் சீட்டின் ஒரு படத்தையும் கேட்டு வாங்குக. பெட்டி மெல்லியதாயின் அரை உயர அட்டையே புகும் என்பதை மறவற்க.

வயரின்றித் துவார மின்னாலேயே ஓடும் அட்டைகளுள் எம் கண்ணிற் பட்டவை சில. 1050 ரி.ஐ. 75 உவாற்றினது, பல்லாண்டு உழைத்த நல்ல அட்டை. ஆயினும் அதன் தலைமுறைக்கு விளையாட்டுகளுக்கென வெளியிடும் டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். இனிப் பணம் கொடுத்து வாங்கத்தக்கதன்று. மிக மலிவாகக் கிடைத்தால் வேறு. 1650 இன் வயர் வேண்டாத வகைகள் இடைத்தரம். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 என்பது 53 உவாற்றே உண்ணும், அரை உயரத்திலும் கிடைக்கும், கேட்க இனிக்கும். அதிலுள்ள நுட்பம் ஒன்றை அறிந்தே வாங்கவேண்டும். ஏனைய அட்டைகளுட் பெரும்பாலானவை தாய்ப்பலகையோடு எட்டு அல்லது பதினாறு தடங்களால் இணைய, 6400 உம் அதன் அண்ணனாகிய 6500 எக்ஸ்.ரி. உம் நான்கு தடங்களாலேயே இணைகின்றன. நான்காந் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் உள்ள புதிய பலகையில் அது செக்கனுக்கு எட்டு ஜிகாபைற்று அளவைக் கடத்தும். நம்மவர் வைத்திருக்கும் மூன்றாந் தலைமுறைப் பலகையில் அதிற் பாதியே. அட்டையின் நான்கு ஜிகாபைற்று நிரம்பியதும் மிகுதி கணினியின் றம்மிற்கு அவ்வழியே சென்று வரவேண்டும். அப்பொழுது விளையாட்டு திக்கித் திக்கி நிற்கும். விளையாட்டைப் பதிவுசெய்து பிறர்க்குக் காட்ட விரும்பும் மாணவர், அவ்விரு அட்டைகளிலும் காணொளியைக் குறுக்கிப் பதியும் உறுப்பு இல்லை என்பதையும் அறிக. பழைய அலுவலகக் கணினிக்கென்றே அளந்து செய்தது போன்ற தோற்றம், பழைய அலுவலகக் கணினியிலேயே குன்றும் திறன், இதனை என்னென்பது!

3050 இன் ஆறு ஜிகாபைற்று வகை 70 உவாற்று, எட்டுத் தடம். பெயரால் மயக்கும் வகையாயினும், வயரில்லாப் பெட்டிக்கு எம் கருத்தில் இவற்றுட் சிறந்தது இதுவே. பெரிய எட்டு ஜிகாபைற்று வகை 130 உவாற்றினது, வயர் கேட்பது. அந்த வயர் உடையோர் 3050 ஐ நாடாது, 2021 இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 ஐத் தேடுக. 132 உவாற்று, எட்டு ஜிகாபைற்று. விளையாட்டு வேகத்தில் 3050 ஐ நன்கு விஞ்சுவது. வெளிவந்தபோது 329 டொலர் என்று விலை குறித்தனர். பின்னர் அமெரிக்கச் சந்தையில் 200 டொலர் அளவுக்கு இறங்கிற்று. பயன்படுத்திய நிலையில் வாங்குவோர்க்கு இன்னும் நன்று. இன்ரெல் கம்பனியாரின் ஆர்க் பி580 என்பது 2024 திசெம்பரில் 249 டொலருக்குப் பன்னிரண்டு ஜிகாபைற்றோடு வந்து பலரை வியப்பித்தது. அதனைப் பழைய கணினியிற் பொருத்தற்க. தாய்ப்பலகையில் 'றீசைசபிள் பார்' என்னும் வசதி இல்லையேல் அவ்வட்டை தன் திறனிற் பெரும்பகுதியை இழக்கும். புரொசெசர் நலிந்ததாயினும் சோர்வுறும். புதுக் கணினிக்கு ஏற்ற பொருள்.

கதிர்த்தொடர்தல் என்னும் புதுமுறையைப் பற்றி மாணவர் அடிக்கடி வினவுவர். ஒளி பட்டுத் தெறிக்கும் வழியைக் கணித்து நிழலையும் பிரதிபலிப்பையும் வரைவது அது. சிறுமுதலார்க்கு அஃது இன்றியமையாததன்று என்று முன்னர்க் கூறிவந்தோம். 2024 திசெம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மேயில் வந்த டூம் விளையாட்டும் அதற்குரிய உறுப்பு அட்டையில் இல்லையேல் ஓடா என்று ஆனபின், அக்கூற்றைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. 1650 இல் அவ்வுறுப்பு இல்லை. 3050, 6600 இரண்டிலும் உண்டு.

விலையைப் பற்றி ரூபாக் கணக்கிற் கூற அஞ்சுகின்றோம்; இம்மலர் அச்சேறுவதற்குள் மாறிவிடும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியதை நாம் அனைவரும் பட்டறிந்தோம். 149 டொலர் அட்டை ஒன்று, வரியும் கூலியும் சேராமலே, 29,800 ரூபாவிலிருந்து 53,640 ரூபாவாயிற்று. அக்காலத்திலேதான் பயன்படுத்திய அட்டைகளை நாடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது.

பயன்படுத்தியவற்றுட் பல, மறைநாணயம் அகழ்வதற்கு இரவுபகலாக ஓடியவை. எதீரியம் என்னும் நாணயம் 2022 செப்தெம்பர் 15 இல் தன் முறையை மாற்றி அட்டைகளைக் கைவிட்டதும், உலகெங்கும் அவை சந்தைக்கு வந்து குவிந்தன. அகழ்வில் ஓடியது என்பதாலேயே ஓர் அட்டையை ஒதுக்கவேண்டியதில்லை. தேய்ந்த விசிறியும் உலர்ந்த வெப்பப் பசையும் மாற்றக்கூடியவை. வாங்குமுன் விற்பவர் இல்லத்திலேயே அரைமணி நேரம் கடினமான விளையாட்டொன்றை ஓட்டச்செய்து, திரையிற் பொருந்தா நிறப்புள்ளிகள் தோன்றுகின்றனவா, வெப்பம் 85 பாகையை அணுகுகின்றதா, விசிறி முனகுகின்றதா என்று நோக்குக. ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். யாழ்ப்பாணத்துப் புழுதியும் உப்புக் காற்றும் ஒரு வருடத்திலேயே விசிறியை அடைக்கும் என்பதையும் கருதுக.

போலி அட்டை இதனினும் கொடிது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசில், இணைய விளம்பரம் ஒன்றைக் கண்டு 1050 ரி.ஐ. வாங்கினான். கணினியும் அதனை 1050 ரி.ஐ. என்றே காட்டிற்று; விளையாட்டோ ஓடவில்லை. அட்டையை எம்மிடம் கொண்டுவந்தான். அதன் பின்புறத்தில் நீலநிறத்துப் பதினைந்து துளை வீ.ஜி.ஏ. முனை இருந்ததைக் கண்டதுமே ஐயுற்றோம். 1050 ரி.ஐ.யின் தலைமுறையிலிருந்து என்விடியா சிப்புகள் அந்தப் பழைய முறையில் படம் அனுப்புவதில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட ஜி.ரி.எஸ். 450 போன்ற அட்டைகளின் உள்ளெழுத்தை மாற்றிப் புதுப்பெயர் சூட்டி விற்பது இத்தொழிலாரின் வழி. ஜி.பி.யூ. செட் என்னும் இலவச மென்பொருள், 2018 முதல் இத்தகைய அட்டைகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னே 'போலி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகின்றது. அதை ஓட்டியபொழுது அவ்வெழுத்துத் தோன்றிற்று. விற்றவரின் தொலைபேசி அதன்பின் ஒலிக்கவில்லை. பெடியன் எம்முன் அழவில்லை; வாசலைக் கடந்தபின் அழுதான் என்று பின்னர்க் கேள்வியுற்றோம்.

நம்மூரிலும் கொழும்பிலும் கடைக்காரர் முதல் மாணவர் வரை எல்லாரும் இப்பொருளை 'வீ.ஜி.ஏ. காட்' என்றே வழங்குகின்றனர். வீ.ஜி.ஏ. முனை இருப்பதே போலிக்கு அடையாளமாகிவிட்ட காலத்தும் பெயர் மாறவில்லை. வழக்கு வலிது. பழைய மொனிற்றரில் அம்முனை மட்டுமே உடையோர், எச்.டி.எம்.ஐ. முனையிலிருந்து மாற்றித்தரும் சிறுகருவி ஒன்றை வாங்கினாற் போதும். அதற்காகப் பழைய அட்டையைத் தேடவேண்டா.

எதையும் வாங்க இயலாதோர்க்கும் வழியுண்டு. விளையாட்டின் அமைப்பில் நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் தாழ்த்தினால் பெரும் பாரம் இறங்கும். காட்சியின் அழகு அவ்வளவாகக் கெடாது. 2021 இல் ஏ.எம்.டி. வெளியிட்ட எப்.எஸ்.ஆர். என்னும் முறை, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. பிற கம்பனிகளின் பழைய அட்டைகளிலும் இயங்குவது. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். இதனினும் தெளிவுடையது, ஆனால் ஆர்.ரி.எக்ஸ். பெயருடைய அட்டைகளுக்கே உரியது.

எம் மகனுக்குப் பின்னர் 3050 இன் ஆறு ஜிகாபைற்று வகையை வாங்கினோம். இம்முறை அவனையும் உடன் அழைத்துச் சென்றோம். பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்து, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து, 96 பிற்று என்பதை இருவரும் உறுதிசெய்தபின்னரே காசு எண்ணினோம். பழைய ஜி.ரி. 1030 தமிழ்த்துறைக் கணினியில் இருக்கின்றது. வினாத்தாள் அச்சிடுவதற்கு அது தாராளமாகப் போதும்.

அட்டை வாங்கக் கருதும் மாணவர், செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டபின் ஆசிரியர் அறைக்கு வரலாம். வரும்பொழுது மின்வழங்கிச் சீட்டின் படத்தையும், எந்த விளையாட்டுக்காக வாங்குகின்றீர் என்பதையும், கையிலுள்ள பணம் இவ்வளவு என்பதையும் மறையாது கொண்டுவருக. வாங்கித் தருபவர் தந்தையாராயின், அவரையும் அழைத்து வருக.